கூர்னிக் நகரமா, கிராமமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தம்பிக்குப் போலந்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேலையிடம் ‘கோந்த்கி, கிமீனா கூர்னிக்’ என்று இருக்கிறது. வலையில் தேடினால் ஒரு பக்கம் கூர்னிக் என்பது ஏரிக்கரையில் கோட்டை வைத்திருக்கும், எட்டாயிரம் பேர் அளவிலான சிறு நகரம் என்கிறது. இன்னொரு பக்கம் அதே கூர்னிக்கில் முப்பதாயிரம் பேர் என்கிறது. மூன்றாவது பக்கம் ‘நகர-கிராமக் கிமீனா’ என்று ஏதோ சொல்லிக் குழப்புகிறது. ‘ஏஜென்ட் டவுன் என்கிறார், நம்பலாமா? இது நம்ம ஊர் ஒன்றியம் மாதிரியா, பேரூராட்சி மாதிரியா?’ என்பது கேள்வி.

இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கிமீனா என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது ஒன்று. தம்பி காலையில் கண்விழித்து ஜன்னலைத் திறந்தால் எதிரே கடைத்தெரு இருக்குமா, கோதுமை வயல் இருக்குமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு ஒப்பந்தத்தில் உள்ள அந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் பதினோரு வருடமாகப் போலந்தில் இருக்கிறேன். பிழைப்பு வரைபடத் தரவு: எல்லைக்கோடுகள், ஊர்ப்பெயர்கள், முகவரிகள். சட்டம் படித்தவன் இல்லை. அதனால் விசா, தங்கும் அனுமதி பற்றி நான் போகிறபோக்கில் சொல்வதை வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலந்தை நிர்வாகத்துக்காக மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். மேலே 16 மாகாணங்கள். அதற்குக் கீழே பொவ்யாட், மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே கிமீனா. நாடு முழுக்க ஏறக்குறைய 2,480 கிமீனாக்கள் இருக்கின்றன, அவற்றில் மூன்று வகை. முந்நூறு அளவில் வெறும் நகரம் மட்டுமே உள்ளவை. ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி வெறும் கிராமங்கள் மட்டுமே உள்ளவை. மீதி எழுநூறு அளவில் ஒரு நகரமும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்து ஒரே அலகாக இருப்பவை. இந்த மூன்றாவது வகைக்குத்தான் ‘மியெய்ஸ்கோ-வியெய்ஸ்கா’ என்று பெயர், அதாவது நகர-கிராமம். கூர்னிக் இந்த வகை.

ஒன்றியம் மாதிரியா என்றால், பாதி ஆமாம். நம் ஊரில் பேரூராட்சி தனி, சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒன்றியம் தனி. இங்கே அந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. ஒரே மன்றம், ஒரே பட்ஜெட், ஒரே தலைவர். சந்தைச் சதுக்கத்தில் கல் பதிப்பதும் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துப் பாலர் பள்ளிக்குக் கூரை போடுவதும் ஒரே பணப்பெட்டியிலிருந்துதான். தலைவருக்குப் ‘பூர்மிஸ்ட்ஷ்’ என்று பெயர். கிராமங்கள் மட்டுமே உள்ள கிமீனாவில் அதே வேலையைச் செய்பவர் ‘வூய்ட்’. இரண்டு பேரையும் 2002 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2018க்குப் பிறகு பதவிக்காலம் ஐந்து வருடம், ஒருவர் இரண்டு முறைக்கு மேல் வர முடியாது. மன்றத்தில் எத்தனை பேர் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது. 20,000 வரை 15 பேர், அதைத் தாண்டி 50,000 வரை 21 பேர்.

இந்தச் சொற்களைப் பற்றி ஒரு சின்ன விலகல். கிமீனா, பூர்மிஸ்ட்ஷ், வூய்ட், கிராமத் தலைவரைக் குறிக்கும் ‘சோவ்டிஸ்’ ஆகிய நான்குமே ஜெர்மனிலிருந்து வந்து போலிஷ் நாக்கில் உருண்டு தேய்ந்தவை. இடைக்காலத்தில் ஜெர்மானியச் சட்டமுறையைப் பின்பற்றி ஊர்களை நிறுவியபோது வந்து ஒட்டிக்கொண்டவை. சொல்தான் பழசு, இப்போதைய அமைப்பு அவ்வளவு பழசில்லை. 1954இல் கம்யூனிஸ்ட் அரசு கிமீனாக்களையே கலைத்துவிட்டு அதைவிடச் சின்ன அலகுகளாக்கியது. அது சரிவராமல் 1973 ஜனவரியில் கிமீனாக்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1990 மார்ச்சில் வந்த சட்டம்தான் அவற்றுக்கு நிஜமான தன்னாட்சி கொடுத்தது. அதே வருடம் மே 27 அன்று முதல் சுதந்திரமான உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 16 மாகாணம் என்ற கணக்கு 1999இல்தான் வந்தது, அதற்கு முன்னால் 49 இருந்தன. பழைய வரைபடத்தைப் பார்த்துக் குழம்பியவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன்.

சரி, எட்டாயிரமா முப்பதாயிரமா? இரண்டும் சரி. போலந்தின் புள்ளியியல் அலுவலகம் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது, டெரிட் என்பார்கள். என் வேலையில் தினமும் கண்ணில் படும் எண் அது. கிமீனா கூர்னிக்கின் எண் 3021093. முதல் 30 மாகாணத்துக்கு, அதாவது வியெல்கோபோல்ஸ்கா. அடுத்த 21 போஸ்னான் மாவட்டத்துக்கு. 09 கூர்னிக்குக்கு. கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை 3தான் நம் கேள்விக்கு விடை. அந்த இடத்தில் 1 இருந்தால் வெறும் நகரம். 2 இருந்தால் வெறும் கிராமங்கள். 3 இருந்தால் இரண்டும் சேர்ந்தது. அதே எண்ணை 4இல் முடித்தால், 3021094, அது கூர்னிக் நகரம் மட்டும். 5இல் முடித்தால் நகரத்தைக் கழித்து மிச்சமிருக்கும் கிராமப் பகுதி. நாலும் அஞ்சும் சேர்ந்தால் மூன்று என்பது இந்தத் துறையில் சேருகிற புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். வலைப்பக்கங்கள் எந்த எண்ணிலிருந்து மக்கள்தொகையை எடுத்தன என்பதைச் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ‘கூர்னிக்’ என்று ஒரே பெயர் இருக்கிறது. அதுதான் குழப்பம்.

நகரத்தின் பரப்பு சுமார் 6 சதுர கிலோமீட்டர். கிமீனா முழுவதும் சுமார் 186. அதாவது ‘கிமீனா கூர்னிக்’ என்று எழுதிய இடங்களில் முப்பதில் ஒரு பங்கு மட்டும்தான் கூர்னிக் நகரம். 2000களின் நடுவில் கிமீனா முழுக்கப் பதினேழாயிரம் பேர் அளவில் இருந்தார்கள், இப்போது ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி நகரத்தில் நடக்கவில்லை. வடக்கே போஸ்னான் என்ற பெருநகரத்தை நோக்கிய பக்கத்தில் பொரூவியெட்ஸ், கமியொன்கி போன்ற இடங்களில் வீடு வீடாகக் கட்டிக் குடியேறினார்கள். காகிதத்தில் இன்றும் அவை கிராமங்கள்தான். நேரில் போனால் வரிசை வீடு, வாசலில் இரண்டு கார், பைக் பாதை, அழகு நிலையம். மாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்ச தூரம் போக வேண்டும். ஆகவே ‘கிராமம்’ என்ற சொல்லைக் கேட்டு மனத்தில் வரும் படத்தையும் நம்பாதீர்கள்.

இங்கே சந்தேகமான விஷயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மக்கள்தொகை எண்களில் எதுவுமே கறாரானதல்ல. புள்ளியியல் அலுவலகம் சொல்வது ஓர் எண், கிமீனா அலுவலகத்தில் முகவரி பதிந்தவர்கள் இன்னோர் எண். போஸ்னானில் பதிவை வைத்துக்கொண்டு கமியொன்கியில் குடியிருப்பவர், பதியாமலே விடுதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி ஆகியோரைச் சேர்த்தால் மூன்றாவது எண் ஒன்று வரும், அது யாருக்கும் சரியாகத் தெரியாது. திட்டமிடும் அலுவலர்கள் தண்ணீர்ச் செலவையும் குப்பை அளவையும் பார்த்து ஊகிப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ‘குப்பை பொய் சொல்லாது’ என்பார் ஒருவர்.

பெயர்க் குழப்பம் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 1996இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்காவைத் தமிழ் வாசகர்களுக்கும் தெரியும். அவர் 1923 ஜூலை 2 அன்று பிறந்தது இங்கேதான். எங்கே பிறந்தார் என்று பாருங்கள். சில நூல்கள் கூர்னிக் என்கும், சில ப்னின் என்கும், சில ப்ரொவென்ட் என்கும். மூன்றும் தப்பில்லை. ப்ரொவென்ட் என்பது கூர்னிக்குக்கும் ப்னினுக்கும் நடுவில் இருந்த பண்ணைக் குடியிருப்பு. கோட்டைக்குச் சொந்தக்காரரான வ்வாதிஸ்வாவ் சமோய்ஸ்கியின் சொத்துகளை நிர்வகித்தவர் கவிஞரின் தந்தை. ப்னின் ஒரு காலத்தில் தனி நகரம், 1961இல் கூர்னிக்கோடு சேர்த்துவிட்டார்கள். இன்று மூன்றும் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. எல்லைக்கோடு நகர்ந்தது, பிறந்த வீடு நகரவில்லை. ஏரிக்கரை நடைபாதைக்கு இப்போது சிம்போர்ஸ்கா பெயர்தான். தம்பிக்கு லீவு கிடைக்கும் நாளில் அங்கே நடந்துவிட்டு, அகழி சூழ்ந்த அந்தக் கோட்டைக்கும் போகச் சொல்லுங்கள். தரை தேயாமலிருக்கக் காலணிக்கு மேலே கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி நடக்க வேண்டியிருக்கும். ஒட்டியுள்ள மரப்பூங்காவில் வசந்தத்தில் மக்னோலியா பூக்கும்போது போஸ்னானே அங்கே திரண்டு வந்துவிடும்.

எல்லா ஊரும் கூர்னிக் மாதிரி நகரத்தையும் கிராமங்களையும் ஒன்றாக வைத்துக்கொள்வதில்லை. பக்கத்திலேயே க்னியெஸ்னோ இருக்கிறது, போலந்தின் முதல் பேராயர் பீடம் இருந்த பழைய ஊர். அங்கே நகரம் ஒரு கிமீனா. நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் வேறொரு கிமீனா. அதற்கும் பெயர் க்னியெஸ்னோதான். நடுவில் ஓட்டையுள்ள இந்த வடிவத்துக்குப் போலந்துக்காரர்கள் ‘ஒப்வஷானெக்’ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள், அது க்ராகுவ் தெருக்களில் விற்கும் வளைய ரொட்டி. நாம் உளுந்து வடை என்று சொல்லிக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த வடைக் கிமீனாவின் அலுவலகம் இருப்பது ஓட்டைக்குள். தன் எல்லைக்குள் இல்லாத, அண்டைக் கிமீனாவுக்குச் சொந்தமான நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கிராமங்களை ஆள்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு அலுவலகம், இரண்டு தலைவர். முதல் வருடம் நான் ஒரு ஊரில் அரை நாள் தவறான அலுவலகத்து வரிசையில் நின்று, முறை வந்ததும் ‘இது நகரத்துக்கு, கிராமத்துக்கு எதிர்ச் சாரியில்’ என்று திருப்பி அனுப்பப்பட்டேன். நகர-கிராமக் கிமீனாவில் அந்த அவஸ்தை இல்லை.

அப்படியானால் எல்லாரும் சேர்ந்துகொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். சேர்ந்தவர்கள் உண்டு. ஜெலோனா கூரா நகரமும் அதைச் சுற்றியிருந்த கிராமக் கிமீனாவும் 2015 ஜனவரி 1 அன்று ஒன்றாயின. ஆனால் அப்படி நடப்பது அபூர்வம், காரணம் பணம். ஓபோலே நகரம் 2017இல் பக்கத்துக் கிமீனாக்களிலிருந்து சில கிராமங்களை எடுத்துக்கொண்டபோது டோப்ஜென் வியெல்கி என்ற கிமீனாவில் மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். போன நிலத்தில் ஒரு பெரிய அனல்மின் நிலையம் இருந்தது, அதன் வரி முழுக்கப் போய்விட்டது. கிமீனாக்காரர்களிடம் எல்லையைப் பற்றிப் பேசினால் பத்தே நிமிடத்தில் பேச்சு வரிக்கு வந்துவிடும்.

அந்த வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் தம்பி வேலை செய்யப்போகும் கிடங்கு அந்த இடத்தில் முளைத்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. போலந்தில் சொத்துவரி கட்டடத்தின் மதிப்பைப் பார்ப்பதில்லை, சதுர மீட்டரைப் பார்க்கிறது. அதிகபட்ச விகிதத்தை மேலே நிர்ணயிப்பார்கள், அதற்குள் எவ்வளவு என்பதைக் கிமீனா மன்றம் முடிவு செய்யும். 2025இல் அந்த உச்சவரம்பு வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.19 ஸ்வோட்டி (போலந்து நாணயம்), தொழில் நடக்கும் கட்டடத்துக்கு 34 ஸ்வோட்டி. ஒரு ஹெக்டேர் பரப்பில் கூரை போட்ட கிடங்கு ஒன்று வந்தால் உச்ச விகிதத்தில் வருடத்துக்கு 3,40,000 ஸ்வோட்டி. அதே ஒரு ஹெக்டேர் வயலாக இருந்தால்? விவசாய வரி ரை என்ற தானியத்தின் விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, நிஜமாகத்தான். ரொட்டிக்கு அரைக்கும் அந்த ரைதான். மண்ணின் தரத்தைப் பொறுத்துத் திருத்திய ஒரு ஹெக்டேருக்கு இரண்டரை குவிண்டால் ரையின் விலை ஒரு வருட வரி. சில நூறு ஸ்வோட்டிதான் தேறும். இப்போது போஸ்னானுக்கு வெளியே நெடுஞ்சாலைகள் சேரும் இடத்தில், கோந்த்கி வயல்களில் ஏன் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன என்பது புரியும். சாலை முதல் காரணம், ஆனால் வரவேற்ற கையும் ஒரு காரணம். வயலில் முளைத்த கிடங்கின் வரியில் நகரச் சதுக்கத்தின் பெஞ்சும் வரும், கிராமத்துப் பள்ளியின் ஹீட்டரும் வரும். ஒரே பெட்டி என்று சொன்னேன் அல்லவா?

இன்னொரு வரவு வருமானவரியில் கிமீனாவுக்கு வரும் பங்கு. குடியிருப்பவர் வரிப் படிவத்தில் எந்த ஊர் முகவரி எழுதுகிறாரோ அந்தக் கிமீனாவுக்குத்தான் அது கணக்கில் சேரும். அதனால்தான் புறநகர்க் கிமீனாக்கள் ‘எங்கள் ஊரில் வரி கட்டுங்கள்’ என்று பேனர் வைத்து, கட்டியவர்களுக்குக் குலுக்கலில் பரிசெல்லாம் கொடுக்கின்றன. முதல் தடவை அந்த பேனரைப் பார்த்தபோது விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

கிராமங்களுக்குத் தனிக் குரல் இல்லையா என்றால், உண்டு. ஒவ்வொரு கிராமமும், சில இடங்களில் இரண்டு மூன்று கிராமங்கள் சேர்ந்தும், ஒரு ‘சோவெட்ஸ்த்வோ’. அதற்குத் தலைவர் சோவ்டிஸ், கிராமக் கூட்டம் தேர்ந்தெடுக்கும். வீட்டுச் சுவரில் ‘சோவ்டிஸ்’ என்று ஒரு தகடு மாட்டியிருக்கும், தபால்காரர் முதல் தொலைந்த நாயைத் தேடுபவர் வரை எல்லாரும் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். அவருக்கு அதிகாரம் கொஞ்சம், தொல்லை நிறைய. கிமீனா மன்றம் ஒப்புக்கொண்டால் கிராமத்துக்கென்று ஒரு சிறு நிதியும் ஒதுக்கப்படும். 2009இல் வந்த ஏற்பாடு இது, 2014இல் புதுச் சட்டமானது. கணக்கு சூத்திரப்படி வரும். கிமீனாவின் வருமானத்தைத் தலைக்கு வகுத்து, அதைக் கிராமத்து மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்று வீதம் எடுத்து இரண்டைக் கூட்டிய எண்ணால் பெருக்க வேண்டும். தலைக்கு 6,000 ஸ்வோட்டி வருமானம் உள்ள கிமீனாவில் 300 பேர் உள்ள கிராமத்துக்கு 30,000 ஸ்வோட்டி. எந்தக் கிராமமும் தலை வருமானத்தின் பத்து மடங்குக்கு மேல் வாங்க முடியாது.

அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று செப்டம்பர் 30க்குள் கிராமம் எழுதிக்கொடுக்க வேண்டும். ஆகவே செப்டம்பர் மாலைகளில் போலந்துக் கிராமங்கள் எங்கும் ஒரே காட்சிதான். நான் சில வருடம் வாடகைக்கு இருந்த ஒரு கிராமத்தில் தன்னார்வத் தீயணைப்புப் படையின் கூடத்தில் நடந்தது அந்தக் கூட்டம். கதவுக்கு அந்தப் பக்கம் தீயணைப்பு வண்டி, இந்தப் பக்கம் மடக்கு நாற்காலிகள், மேசையில் மகளிர் குழுவினர் சுட்டுவந்த ஆப்பிள் கேக். சோவ்டிஸ் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இளம் பெற்றோருக்குச் சறுக்குமரம் வேண்டும். வயதானவர்களுக்குச் சர்ச்சுக்குப் போகும் சாலையில் விளக்கு வேண்டும். மகளிர் குழுவுக்கு அந்தக் கூடத்துச் சமையலறையில் புது அடுப்பு வேண்டும். ஒரு மணிநேரம் சத்தம். கடைசியில் இரண்டு விளக்கும் அடுப்பும் ஜெயித்தன, சறுக்குமரம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. வாக்கெடுப்பில் உணர்ச்சிவசப்பட்டு விளக்குக்காக நானும் கையைத் தூக்கினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி மெதுவாக என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ‘பான், நீங்க கேக் சாப்பிடுங்க’ என்றார். பான் என்றால் ஐயா. வாக்குரிமை உள்ள நிரந்தரவாசிகளுக்கு மட்டும்தான் ஓட்டு. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் என்றால் கிமீனா மன்றத் தேர்தலில்கூட வாக்களிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது இல்லை. கேக் நன்றாக இருந்தது.

ஒரு கிராமம் எப்போது நகரமாகும் என்றும் பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். போலந்தில் நகரம் என்பது அளவல்ல, அந்தஸ்து. அமைச்சரவை ஆணை போட்டால் ஜனவரி 1 முதல் அது நகரம். பொதுவாக இரண்டாயிரம் பேராவது வேண்டும், பெரும்பாலோர் விவசாயத்துக்கு வெளியே பிழைக்க வேண்டும் என்று பார்ப்பார்கள், ஆனால் வரலாறு இருந்தால் வளைந்துகொடுப்பார்கள். 1863 கிளர்ச்சிக்குப் பிறகு ரஷ்யப் பேரரசர் 1869-70இல் தன் ஆட்சியின் கீழிருந்த போலந்துப் பகுதியில் நூற்றுக்கணக்கான சிறுநகரங்களின் நகர அந்தஸ்தைப் பறித்தார். இப்போது அவை ஒவ்வொன்றாக அதைத் திரும்பக் கேட்கின்றன. ஓபடோவியெட்ஸ் 2019இல் திரும்பப் பெற்றது, முந்நூற்றுச் சொச்சம் பேர்தான், நாட்டிலேயே மிகச் சின்ன நகரம். 2024 ஜனவரி 1 அன்று மட்டும் 34 ஊர்கள் நகரமாயின. அப்படி ஆகும்போது, அது சேர்ந்திருந்த கிராமக் கிமீனா அன்று காலையில் தானாகவே நகர-கிராமக் கிமீனாவாகிவிடும். 2 இருந்த இடத்தில் 3 வரும், வூய்ட்டின் அறைக் கதவில் பூர்மிஸ்ட்ஷ் என்று பலகை மாறும். எனக்கு ஜனவரி முதல் வாரம் முழுக்க வேலை.

நகரமானால் வரி ஏறும், சலுகை போகும் என்ற பயம் எல்லா ஊரிலும் கிளம்பும். சிலது உண்மை: நகரமான பகுதி பொதுவாகச் சோவெட்ஸ்த்வோவாக நீடிக்காது, அப்போது அந்தச் சிறு நிதி அதற்குக் கிடைக்காது. சிலது வதந்தி: கிராமத்து ஆசிரியருக்குக் கிடைக்கும் பத்து சதவீதப் படி போய்விடும் என்பார்கள், ஆனால் ஐயாயிரம் பேர் வரை உள்ள நகரத்திலும் அது உண்டு. என் அபிப்பிராயத்தில் பல ஊர்களுக்கு இதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் சந்தோஷம்தான். நூற்றைம்பது வருடம் காத்திருந்தவர்களுக்கு அது பெரிது.

இனி தம்பிக்கு வருவோம். கோந்த்கி என்பது கிமீனா கூர்னிக்குக்குள் இருக்கும் கிராமம். கூர்னிக் நகரம் அல்ல. ஏஜென்ட் முழுப் பொய்யும் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. கேட்க வேண்டியது வேலையிடத்தை அல்ல, தங்குமிடத்தை. ‘62-035 கூர்னிக்’ என்று முகவரி கொடுத்தால் அதிலும் ஏமாறாதீர்கள், அது தபால் அலுவலகத்தின் எண். அதே எண் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் வரும். சின்னக் கிராமங்களில் தெருப்பெயரே இருக்காது, ஊர்ப்பெயரும் வீட்டு எண்ணும் மட்டும் இருக்கும். ஆகவே எண்ணுக்கு முன்னால் என்ன ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதை வரைபடத்தில் போட்டு, அங்கிருந்து கிடங்குக்கும் மளிகைக் கடைக்கும் நடைதூரம் எவ்வளவு என்று பாருங்கள். கிமீனாவே நடத்தும் பேருந்துகள் போஸ்னானுக்கும் கிராமங்களுக்கும் ஓடுகின்றன, ஆனால் இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வண்டி இருக்கிறதா என்று அட்டவணையில் பார்க்காமல் நம்பாதீர்கள். கிராமமென்றால் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை அடைத்திருக்கும், நகரத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

வந்து சேர்ந்த பிறகு எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்பதிலும் மூன்று அடுக்கு நினைவிருக்கட்டும். முகவரி பதிவதும், அதோடு சேர்த்து பெசெல் என்ற அடையாள எண் வாங்குவதும் கிமீனா அலுவலகத்தில், அது கூர்னிக் நகரத்தில் இருக்கிறது. குப்பைக் கட்டணமும் அங்கேதான், வீட்டுக்காரர் கட்டுவாரா என்று ஒப்பந்தத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு இரண்டும் மாவட்ட அலுவலகத்தில். அது போஸ்னானில். போஸ்னான் நகரமோ போஸ்னான் மாவட்டத்தில் சேர்ந்ததல்ல, மறுபடி அதே உளுந்து வடை. தங்கும் அனுமதி அட்டை மாகாண அலுவலகத்தின் வேலை. அதைப் பற்றிய சந்தேகத்தை வழக்கறிஞரிடமோ அந்த அலுவலகத்திலோ கேளுங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

கடைசியாக ஒன்று. போஸ்னானிலிருந்து தம்பி ரயிலில் வந்தால் கோந்த்கி என்றே ஒரு நிலையம் இருக்கிறது, அங்கேயே இறங்கட்டும். ‘கூர்னிக்’ என்று பெயர் எழுதிய நிலையம் அதற்கு அப்புறம் வரும். அதை நம்பி இறங்கிக் கோட்டையைத் தேட வேண்டாம், அந்த நிலையம் இருப்பது ஷ்ச்சோஜிகோவோ என்ற கிராமத்தில்.